நாங்கள் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறோம்

ஒரே குழந்தைக்கு இரண்டு தடவை ஞானஸ்நானம் நடக்கக் காரணமாக இருந்தவன் நான். எங்கள் கத்தோலிக்க வழக்கப்படி அது வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். பிறகெப்படி இரண்டு என்று கேட்பீர்கள். முதல் தடவை நடந்தது செல்லாது என்றாகிவிட்டது. ஒரு ஃபாதர், நாற்பது விருந்தினர், தூத்துக்குடியிலிருந்து ரயிலில் இடுப்பொடிய வந்த பதினோரு உறவினர், மூன்றடுக்குக் கேக், இத்தனையும் இருந்தும் செல்லவில்லை. ஒரே ஒரு சொல் தப்பு. அந்தச் சொல்லை எழுதிக் கொடுத்தது இந்தக் கைதான்.

அப்போது நான் டெல்லிக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். நொய்டாவில் ஒரு கம்பெனியில் வேலை. மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் எங்கே பிழை இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் (சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான் வேலை). ஆர்.கே.புரத்தை ஒட்டிய முனீர்க்காவில், மூன்றாவது மாடியில் ஓர் அறை. வீட்டுக்காரர் என்னோடு பேசிய ஒரே வாக்கியம், "பையா, மோட்டார் பந்த் கரோ," அதாவது தண்ணீர் மோட்டாரை நிறுத்து. சனி, ஞாயிறுகளில் பேச ஆள் இல்லாமல் தெருத்தெருவாக நடப்பேன். நடக்கும்போது கடைப் பலகைகளைப் படிப்பேன். அப்படிப் படித்துப் படித்தே இந்தி எழுத்து கைக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை ஆபீசில் முதல் வார்த்தை பேசும்போது தொண்டை கரகரக்கும். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அதற்கு வேலையே இருந்திருக்காது.

சகாயம் அண்ணனைச் சந்தித்ததுகூட நான் தனக்குத்தானே பேசுகிற ஆளாகிவிட்டதால்தான். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம் ஊர்ச் சாமான் விற்கும் கடையில் இரண்டு அரிசிப் பைகளைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல எது இட்லிக்கு?" என்று எனக்குள் கேட்டேன். உள்ளே கேட்டதாகத்தான் நினைப்பு. "இடது கையில இருக்கது தம்பி" என்று பின்னாலிருந்து பதில் வந்தது. மீன் பையோடு நின்றிருந்தார். அடுத்த அரை மணி நேரத்தில் அவர் வீட்டில் உட்கார்ந்து சாளைக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் மனைவி ஜெனிட்டா அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்று நான் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். பசியில்லை. எழுந்தால் கிளம்ப வேண்டியிருக்குமே.

அவர்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. மரிய அன்சிலின் என்று பெயர் முடிவாயிற்று. மாதத்தில் ஒரு ஞாயிறு எங்களுக்குத் தமிழ்ப் பூசை உண்டு. அந்த ஞாயிறு ஞானஸ்நானம் என்று நாள் குறித்து, தூத்துக்குடியில் டிக்கெட்டும் போட்டாயிற்று. அந்த வாரம் பார்த்துப் பூசைக்கு வரும் தமிழ் ஃபாதருக்கு டெங்கு.

கோயிலின் பங்கு ஃபாதர், அனுரஞ்சன் என்பவர், ஜார்க்கண்ட்காரர். இந்தியிலோ ஆங்கிலத்திலோ தானே செய்து வைப்பதாகச் சொன்னார். ஜெனிட்டா அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "எட்டு வருஷம் தமிழ்லதான் சாமிகிட்ட கேட்டேன். எம்பிள்ளை தலையில தண்ணி ஊத்துறதும் தமிழ்லதான் இருக்கணும்" என்றார். சகாயம் அண்ணன் சுற்றிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, எனக்கு இந்தி எழுத்து தெரியுமாமே என்று ஆரம்பித்தார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் தலையை ஆட்டி முடித்துவிட்டேன். டெல்லியில் மூன்று வருஷத்தில் என்னை ஒரு காரியத்துக்கு ஒருவர் தேடியது அதுதான் முதல் தடவை.

தமிழ்ச் சடங்குப் புத்தகத்தைப் பார்த்து முழுவதையும் இந்தி எழுத்தில் எழுதினேன். மூன்று நாள் சாயங்காலம் ஃபாதருக்குப் பயிற்சி. ஞானஸ்நானத்துக்கான 'திருமுழுக்கு' என்ற சொல்லுக்காகவே ஒரு நாள் போயிற்று. நாக்கை மடிக்கச் சொன்னேன், இன்னும் உள்ளே என்றேன், என் வாயைத் திறந்து காட்டினேன் (ஒரு குருவானவருக்கு என் கடைவாய்ப் பல்வரை காட்டியிருக்கிறேன்). மூன்றாம் நாள் அவருக்கு அப்படியொரு 'ழ' வந்தது. அவருக்கே அதில் ஒரே சந்தோஷம்.

சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. முக்கியமான வாக்கியம் இது: "மரிய அன்சிலின், தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்." ஃபாதர் அதை நிறுத்தி நிதானமாக வாசித்தார். 'நான்' வந்ததும் பக்கத்தில் பாட்டுப் பழகிக்கொண்டிருந்த நம் பிள்ளைகள், எல்லாம் டெல்லியில் பிறந்ததுகள், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கின. "பட்டர் நானா, பிளெயினா?" என்று ஒன்று கேட்டது. டெல்லியில் 'நான்' என்றால் தந்தூரி ரொட்டி. அவ்வளவுதான், அடுத்த தடவை அந்தச் சொல் நெருங்கும்போதே ஃபாதருக்கும் உதடு துடித்தது.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எட்டு வருஷத் தவத்துக்குப் பிறகு, தண்ணீர் ஊற்றுகிற நேரத்தில், தந்தூரி ரொட்டிச் சிரிப்பா? அன்று அறைக்கு வந்து தாளை எடுத்து 'நான்' மேல் ஒரு கோடு போட்டேன். 'நாங்கள்' என்று எழுதினேன். கடைசியில் 'அளிக்கிறோம்' என்று மாற்றினேன்.

இவ்வளவுதான் காரணம் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். முழுக்க உண்மை இல்லை. அந்தச் சொல்லை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரை விட்டு வந்த பிறகு அதைச் சொல்ல எனக்குச் சந்தர்ப்பமே வந்ததில்லை. அம்மா போனில் கேட்டால்கூட வந்தேன், தின்றேன், தூங்கினேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். இப்போது நாற்பது பேர் நடுவில் நின்று, ஃபாதர் 'நாங்கள்' என்று சொல்லும்போது, அதற்குள் நானும் இருப்பேன். எழுதியதை அழிக்க மனம் வரவில்லை. திருச்சபை இரண்டாயிரம் வருஷமாகக் கவனிக்கத் தவறிய ஒன்றை நான் சரி செய்துவிட்டதாக ஒரு பெருமிதம் வேறு.

ஃபாதர் கவனிக்காமல் இல்லை. திருத்திய தாளைப் பார்த்து, இதில் 'மை', அதாவது இந்தியின் 'நான்', எங்கே என்று கேட்டார். அது இந்த 'நாங்கள்'தான் என்றேன். "ஹம் மாதிரி, ஃபாதர். மரியாதையா இருக்கும்."

அவர் முகம் மலர்ந்தது. அவர்கள் ஊர்ப் பக்கம் ஒற்றை ஆள்கூடத் தன்னைப் பன்மையில் 'ஹம்' என்றுதான் சொல்லிக்கொள்வானாம். "அச்சா, அச்சா" என்று பென்சிலால் ஒரு டிக் போட்டுவிட்டார். திண்டுக்கல்லும் ஜார்க்கண்டும் கைகுலுக்கிக்கொண்டு ஒரு குழந்தையைக் கவிழ்த்த இடம் அது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் ஜோராக நடந்தது. குழந்தை வீரிட்டது. நான் தாளைப் பிடித்துக்கொண்டு ஃபாதர் பக்கத்திலேயே நின்றேன். அவர் கற்ற 'ழ'வை மனதாரப் பயன்படுத்தினார். ஆகவே சபையின் காதில் விழுந்தது, "நாங்கழ் உனக்குத் திருமுழுக்கு அழிக்கிறோம்." அந்த அழுகைச் சத்தத்தில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. சாப்பாட்டின்போது தூத்துக்குடி உறவினர் ஒருவர் என் முதுகில் தட்டி, "நல்ல காரியம் பண்ணுனீரு" என்றார். அந்தத் தட்டு இரண்டு நாள் முதுகில் இருந்தது.

மூன்றாம் நாள் உறவினர்கள் ரயிலேறினார்கள். நான்காம் நாள் சகாயம் அண்ணன் போன் செய்து சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொன்னார். விருந்து மிச்சத்துக்குத்தான் என்று நினைத்து, அரைக் கிலோ மில்க் கேக் வாங்கிக்கொண்டு போனேன்.

உள்ளே யாரும் சிரிக்கவில்லை. மேஜையில் ஒரு போன் சாய்த்து வைத்திருந்தது. அதில் ஜெனிட்டா அக்காவின் தம்பி டெரன்ஸ். குருமடத்தில் இறையியல் படிக்கிறவர், தேர்வு இருந்ததால் வர முடியாதவர். வாட்ஸாப்பில் வந்த வீடியோவை ஏழு தடவை பார்த்தாராம். உலகத்தில் ஞானஸ்நான வீடியோவைக் குரலுக்காகப் பார்க்கிற ஒரே மனிதர் இந்தக் குடும்பத்தில்தான் பிறக்க வேண்டுமா?

"அழிக்கிறோம்னு சொன்னது பிரச்சனை இல்ல. நாக்கு தப்பு, மனசு தப்பில்ல" என்றார் டெரன்ஸ். "ஆனா 'நாங்கள்'னு சொன்னா ஞானஸ்நானம் செல்லாது. ரோம்லயே தெளிவாச் சொல்லிட்டாங்க. அங்க கிறிஸ்துதான் கொடுக்கிறாரு, குருவானவர் அவர் வாயா நிக்காரு. கூட்டம் கொடுக்கது இல்ல."

அந்த 'நான்' ரொட்டிக் கதையைச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப அந்தச் சொல்லை மட்டும் அடிச்சுட்டுப் போயிருக்கலாமே. 'அளிக்கிறேன்'ல 'ஏன்' விகுதி இருக்கு. அதுக்குள்ளயே 'நான்' இருக்கு. ஆறாங் கிளாஸ் இலக்கணம்."

தமிழில் எண்பத்தேழு மார்க் வாங்கியவன் நான் (அந்த வீட்டில் அதைச் சொல்லவில்லை).

ஜெனிட்டா அக்கா எழுந்தார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப எம்பிள்ளைக்கு இன்னும் ஒண்ணும் நடக்கலை, அப்படித்தானே?" என்று போனைப் பார்த்துக் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் சமையலறைக்குள் போனார். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் மூடவில்லை. சகாயம் அண்ணன் என்னைத் திட்டியிருக்கலாம். அவர் மில்க் கேக் பெட்டியை எடுத்து என் கையிலேயே திரும்பக் கொடுத்து, "வச்சுக்கிடுங்க தம்பி, இப்ப யாரும் தின்ன மாட்டாங்க" என்றார்.

அரைக் கிலோ மில்க் கேக்கைத் தனியாகத் தின்று தீர்க்கப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் அவர்களிடமிருந்து போன் வரவில்லை. நானாகக் கூப்பிட எண்ணை எடுப்பேன், வைத்துவிடுவேன். என்ன சொல்வது? ஞாயிறு காலை இந்திப் பூசைக்குப் போய்க் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பழையபடி நடக்க ஆரம்பித்தேன். ஆனால் பலகைகளைப் படிக்கப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு தாபா வாசலிலும் அந்த ரொட்டியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

ஃபாதர் அனுரஞ்சனிடம் ஒருநாள் மதியம் போய் எல்லாத் தப்பும் என்னுடையது என்று சொன்னேன். அதற்குள் டெரன்ஸ் அவரிடமும் பேசியிருந்தார். "பூச்னா தோ மேரா காம் தா" என்றார் ஃபாதர். கேட்டுச் சரிபார்க்க வேண்டியது தன் வேலை, பென்சில் தன் கையில்தான் இருந்தது என்றார். பிறகு ஒரு டம்ளர் டீயை என் பக்கம் நகர்த்தி, நான் யாரோடு தங்கியிருக்கிறேன் என்று விசாரித்தார். தனியாக என்றேன். டீ ஆறும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

இரண்டாவது ஞானஸ்நானம் ஒரு வியாழக்கிழமை, அக்காவின் காலை ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு. எனக்கும் தகவல் சொன்னார்கள். சொல்லச் சொன்னது ஃபாதராக இருக்கும் என்று இன்றும் சந்தேகம். கேக் இல்லை, பாட்டு இல்லை. பெரிய கோயிலில் ஐந்தே பேர். டெரன்ஸ் எழுதி அனுப்பிய தாள் ஃபாதர் கையில், டெரன்ஸ் போனில். நான் வாசல் பக்கம் நின்றேன். தாள் இருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது.

அப்போது ஃபாதர் ஞானத்தகப்பன் எங்கே என்று கேட்டார். முதல் தடவை நின்றவர் தூத்துக்குடியில் இருந்தார். சடங்கே செல்லாதபோது அவர் நின்றதும் கணக்கில் வராது. சகாயம் அண்ணன் தலையைச் சொறிந்தார். ஜெனிட்டா அக்கா திரும்பி வாசல் வரை பார்த்தார்.

"அமல் தம்பி நிக்கட்டும்" என்றார். "எழுதத்தான் தெரியல. நிக்கவாவது தெரியுதான்னு பாப்போம்."

நின்றேன். குழந்தையின் தலைக்கடியில் என் கையை வைக்கச் சொன்னார்கள். ஃபாதர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே தெளிவாக, "நான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. தண்ணீரில் பாதி என் சட்டைக் கைக்குள் போயிற்று. இந்தத் தடவை குழந்தை அழவில்லை. அழுதது யார் என்று டெரன்ஸ் போனில் பார்த்துவிட்டார், ஊர் முழுக்கச் சொல்லியும்விட்டார்.

எனக்குப் பட்டப்பெயர் வைத்ததும் அவர்தான். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில், தூத்துக்குடி வரைக்கும், எனக்கு 'நாங்கள் மாமா' என்று பெயர். எந்தக் கல்யாண வீட்டிலும் யாராவது ஃபாதரிடம் ஒரு தாளை நீட்டினால், "எழுதுனது நாங்கள் மாமா இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கவிடுவார்களாம்.

அன்சிக்கு இப்போது ஐந்து வயது. ஜெனிட்டா அக்காவுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்து, போன வருஷம் மூன்று பேரும் போய்விட்டார்கள். நான் அதே அறையில்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் வரும். 'நாங்க மாமா' என்பதுதான் என் சொந்தப் பெயர் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறது, யாரும் திருத்தவில்லை.

"நாங்க மாமா, சாப்பிட்டீங்களா?" என்று போன வாரம் கேட்டாள்.

"சாப்பிட்டோம்" என்றேன்.

பின்னாலிருந்து அக்காவும் அண்ணனும் சிரிக்கிற சத்தம் வந்தது. அது ஓயும்வரை போனைக் காதோடு வைத்துக்கொண்டிருந்தேன்.