எந்தக் கால் வளர்ந்தது?

மூன்றே வாரத்தில் அந்த ஊரில் இரண்டு காலும் ஒரே நீளமுள்ள மனிதர் ஒருவர்கூட இல்லாமல் போய்விட்டார்.

அதுவரை எல்லாரும் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தார்கள். பிறகு, பழைய மரச்சாமான் கிடங்கில் இரண்டு பெரிய திரைகளும் ஒரு புகை இயந்திரமும் ஒரு டிரம்ஸ் செட்டும் வந்து இறங்கின. பின்னாலேயே கால் பாஸ்டரும் வந்து இறங்கினார். அவருடைய சொந்தப் பெயர் வேறு. ஜெபம் செய்தே காலை நீளமாக்குகிறவர் என்பதால் ஊர் அவருக்குச் சூட்டிய பெயர் இது.

அவருடைய வைத்தியம் ரொம்ப எளிமை. முதுகுவலியா? ஒரு கால் குட்டை. தலைவலியா? அதற்கும் ஒரு கால் குட்டை. மகனுக்கு வேலை கிடைக்கவில்லையா? மகனுக்கு இரண்டும் சரிதான்; அப்பாவுக்குத்தான் ஒரு கால் குட்டை. நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு காலையும் கையில் ஏந்தி, "வளரு!" என்று பாஸ்டர் கத்துவார். டிரம்ஸ் அதிரும். திரையில் எல்லாரும் பார்க்கப் பார்க்கக் கால் வளரும். ஒரு கால் முழங்காலோடு போன கடிகாரக்காரர் மட்டும் முதல் வரிசையில் மூன்று வாரமும் காத்திருந்தார். அவருடைய முறை வரவேயில்லை. முக்கால் அங்குலம் வளர்க்கிறவருக்கு முழங்காலுக்குக் கீழே மொத்தமாக வளர்க்க நேரம் போதவில்லை போலும்.

சந்தைத் தெருவில் கடை வைத்திருந்த காலணிக்காரருக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, தன் வீட்டுக்குள் அது நுழையும்வரை.

அவருடைய மனைவிக்குப் பிறவியிலேயே இடது கால் முக்கால் அங்குலம் குட்டை. அவளுக்கென்றே ஒரு ஷூ செய்வார். இடது ஷூவுக்குள் தக்கையை அடுக்கி, மேலே தோலை ஒட்டி, வெளியே தெரியாமல் முடித்துவிடுவார். பதினொரு வருடமாக ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அந்த உயரம் இல்லாமல் நடந்தால் இடுப்பு மூட்டு தேய்ந்துவிடும் என்று மருத்துவர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டத்துக்கு அழைத்துப்போனது அவள் தங்கை. திரும்பி வந்த மனைவி ஷூவைக் கழற்றி அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள். "கால் வளர்ந்துடுச்சு. இனி இது வேண்டாம்" என்றாள்.

நான்கு நாள் வெறுங்காலோடு நடந்தாள். ஐந்தாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"வலிக்குதா?"

"வலி பிசாசு சொல்ற பொய்யாம். நம்பக் கூடாதாம்."

"பிசாசு உன் இடுப்புக்குள்ள வந்து உக்காந்தா பேசுது?"

"கிண்டல் பண்ணாதீங்க. ஈர மணல்ல ஒரு தடவையாவது வெறுங்காலோட நடக்கணும்னு எனக்கு எவ்வளவு ஆசைன்னு உங்களுக்குத் தெரியாது."

அவருக்குத் தெரியாதுதான். தனக்குத் தெரிந்த தோலாலும் தக்கையாலும் அந்த ஆசையைச் செய்துதர முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

மறுநாள் கடையில், வாயில் நான்கு ஆணியைக் கடித்தபடி, கூட்டத்தின் வீடியோவைக் கைப்பேசியில் போட்டார். ஊரே பார்த்த வீடியோ. அவர் மட்டும் முகங்களைப் பார்க்கவில்லை, ஷூவைப் பார்த்தார். பாஸ்டர் காலை ஏந்தும்போதே இடது ஷூவை லேசாக வெளியே இழுத்துவிட்டார். குதிகாலுக்கும் ஷூவுக்கும் நடுவே காலுறை வெள்ளையாகத் தெரிந்தது. உள்ளே தக்கை இருப்பதால் அந்த ஷூ கொஞ்சம் லூசாகத்தான் நிற்கும். இடது நீண்டு தெரிய, வலது குட்டையாகத் தெரிந்தது. "வளரு!" என்று கத்தும்போது இடது ஷூவை மெல்ல உள்ளே தள்ளினார். இரண்டும் சமம். வலது கால் வளர்ந்துவிட்டது. அல்லேலூயா!

வலது காலா?

நான்கு ஆணியும் தரையில் சிதறின.

வீட்டுக்கு ஓடிப்போய் அவளிடம் காட்டினார். மூன்று தடவை பார்த்தாள்.

"அன்னிக்கு நான் அழுதுட்டிருந்தேன், எதையும் கவனிக்கல. மேடையில நடந்து பாத்தேன், சமமா இருந்துச்சு."

"இருக்காதா பின்ன? உன் கால்ல கிடந்தது நான் செஞ்ச ஷூ."

அவள் சிரிக்கவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

ஞாயிறு காலையில் தங்கை வந்தாள். "அக்கா, கிளம்பு. இன்னிக்கு நீ சாட்சி சொல்லணும். மாமா, நீங்களும் வர்றீங்களா? அதிசயமா இருக்கே!"

"அதிசயத்தைப் பாக்கத்தான் வர்றேன்" என்றார் காலணிக்காரர். அவருடைய பையில் சில மெல்லிய பலகைகள் இருந்தன. அவற்றை எடுத்துவரச் சொன்னவள் மனைவி.

கூடம் நிரம்பி வழிந்தது. மேடையில் அவள் கையில் மைக்கைக் கொடுத்தார் பாஸ்டர். "சொல்லுங்க சகோதரி! ஆண்டவர் உங்களுக்கு என்ன செஞ்சார்?"

"எனக்கு ஒரு சந்தேகம், பாஸ்டர். எந்தக் கால் வளர்ந்துச்சு?"

"வலது கால்! எல்லாரும் கைதட்டுங்க!"

தட்டினார்கள். அடங்கியதும் அவள் சொன்னாள்: "எனக்குக் குட்டையா இருந்தது இடது கால்."

பேச்சு நின்றால் தாளம் போட்டுப் பழகிய டிரம்ஸ்காரர் பழக்கதோஷத்தில் 'டிஷ்' என்று ஒரு தட்டு தட்டிவிட்டார்.

பாஸ்டர் சமாளித்துக்கொண்டார். "நான் எதிர்ல நிக்கிறேன் இல்லையா? என் வலது உங்களுக்கு இடது."

"வீடியோ இருக்கே."

"அப்ப... ரெண்டுமே வளர்ந்திருக்கு! இரட்டை ஆசீர்வாதம்!"

"ரெண்டும் வளர்ந்தா பழைய வித்தியாசம் அப்படியேதானே இருக்கும்? அளந்து பாத்துடலாம்."

காலணிக்காரர் மேடையேறினார். மனைவி ஷூ இல்லாமல் நேராக நின்றாள். இடுப்பு இடப்பக்கம் சாய்ந்தது. இடது பாதத்தின் கீழ் ஒரு பலகை வைத்தார். இரண்டாவது. மூன்றாவது வைத்ததும் இடுப்பு நேரானது. மூன்றும் சேர்ந்தால் முக்கால் அங்குலம். ஒரு மயிரிழைகூட மாறவில்லை.

"சகோதரிக்கு விசுவாசம் குறைஞ்சுடுச்சு. அதனால கால் திரும்பப் போயிடுச்சு" என்றார் பாஸ்டர்.

"வளர்ந்தது வலது கால். திரும்பிப் போச்சுன்னா அது வலதுதானே சுருங்கணும்?" என்றாள் அவள். கூடத்தின் பின்பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

போன வாரம் கால் வளர்ந்திருந்த வங்கிக் குமாஸ்தா எழுந்துவந்தார். "பாஸ்டர், என்னோடதை வெறுங்காலோட ஒரு தடவை வளர்த்துக் காட்டுங்க. எனக்கும் நிம்மதி." அவர் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்ட, குதிகால்களை ஒட்டிக் காலணிக்காரர் ஒரு பலகையை நிறுத்தினார். வளர்ந்தால் அது விழ வேண்டும். பாஸ்டர் கத்தினார். வியர்த்தார். டிரம்ஸ்காரர் தன்னால் முடிந்ததெல்லாம் செய்தார். பலகை அசையவில்லை.

"இங்க அவிசுவாசத்தின் ஆவி இருக்கு!"

"நான் ஷூ போட்டிருந்தப்போ அது உள்ள வரலையா, பாஸ்டர்?" என்றார் குமாஸ்தா.

காலணிக்காரர் அவரை ஷூ போட்டுக்கொள்ளச் சொல்லி, ஒன்றை இழுத்தார், தள்ளினார். திரையில் கால் அழகாக வளர்ந்தது. "நான் ஜெபம்கூடப் பண்ணல" என்றார் காலணிக்காரர், கொஞ்சம் வெட்கத்தோடு. கூடம் வெடித்துச் சிரித்தது. கடிகாரக்காரர்தான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்து பார்த்தபோது, தன் இரண்டு கால்களையும் நம்பிப் பக்கவாசல் வழியாகப் பாஸ்டர் போய்விட்டிருந்தார்.

தங்கைக்கு அழுகை. "அப்ப சாமியே இல்லேங்கிறியா அக்கா?"

"சாமியைப் பத்தி எனக்கு என்னடி தெரியும்? என் கால் எனக்குத் தெரியும். அதை விட்டுட்டு அந்தாளை நம்புனேன் பாரு."

அவள் ஷூவை மாட்டிக்கொண்டு படிகளில் இறங்கினாள். கைப்பிடியைத் தொடவில்லை. கணவர் பலகைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டே கேட்டார்: "சாயங்காலம் கடற்கரைக்குப் போலாமா? மணல்ல இடது பக்கம் மட்டும் நான் மேடு கட்டிக்கிட்டே வர்றேன்."

இப்போதுதான் அவள் சிரித்தாள்.

ஜெபிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வது அவரவர் விருப்பம். உங்கள் கால் இன்னொருவர் கையில் இருக்கும்போது மட்டும் தயவுசெய்து திறந்து வைத்திருங்கள்.