இரண்டு தரம் அரைத்த பார்லி

ஒரு காட்டில் ஒரு முட்டாள் கரடி இருந்தது. தேடி அலைய வேண்டாம், அது நான்தான். கதை சொல்கிறவர்கள் முட்டாள் வேடத்துக்கு வழக்கமாகக் கழுதையைக் கூப்பிடுவார்கள். இந்தக் கதைக்கு வெளியாள் தேவைப்படவில்லை.

எங்கள் காட்டில் சித்திரை வந்தால் இலுப்பைப் பூ உதிரும். மரத்தடியில் குவிந்து புளித்த பூவை நாலு வாய் தின்றால் போதும், மான்கூடப் பாட்டுப் பாடும். மின்சாரம் தேவையில்லை, யோசனையும் தேவையில்லை. இதற்கு மேல் ஒரு கரடிக்கு என்ன வேண்டும்? எனக்கு வேண்டியிருந்தது. வீட்டிலேயே பியர் காய்ச்சும் மின்சார இயந்திரம் ஒன்றை வாங்கினேன். எல்லாம் ஒரே பானைக்குள் இருக்கும். அடியில் ஹீட்டர், பக்கத்தில் பம்பு, உள்ளே ஓட்டை போட்ட கூடை, மேற்பார்வைக்குப் போனில் ஒரு செயலி.

வாங்கியதோடு நிறுத்தியிருக்கலாம். என் மகள் வடிவும் மலைமேல் வீட்டு இசக்கியும் இரண்டு வருஷமாக ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். இசக்கியின் அப்பா ஆவுடையப்பன் கறாரான கரடி. தேன் கலங்கலாக இருந்தது என்று சொல்லி இரண்டு வீட்டுச் சம்பந்தத்தைத் தட்டிக் கழித்தவர். அவரிடம் போய், "ஞாயித்துக்கிழமை வாங்க. கல்யாணத்துக்கு எப்படி பியர் காய்ச்சப் போறேன்னு செஞ்சே காட்டுதேன். பாத்துட்டு முடிவு சொல்லுங்க" என்று சவால் விட்டு வந்தேன். அன்றே வடிவு இயந்திரத்தோடு வந்த விளக்கப் புத்தகத்தைப் படிக்க உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை, முளைகட்டி உலர்த்திய பார்லி மூட்டையோடு மாவு மில்லுக்குப் போனேன். மில்லை நடத்துவது சுடலை என்ற பெருச்சாளி. எனக்கு முன்னால் ஏழு பேர் வரிசை. வடிவு விளக்கப் புத்தகத்தோடு கூடவே வந்திருந்தாள்.

"அப்பா, தானியம் ரெண்டா மூணா உடைஞ்சாப் போதும்னு போட்டிருக்கு. உமி முழுசா இருக்கணுமாம். அப்பதான் தண்ணி உள்ள இறங்குமாம்."

"ஏட்டி, நம்ம வீட்டு மாவு என்னைக்காவது கொரகொரன்னு இருந்திருக்கா? சம்பந்தி விரல்ல தொட்டுப் பாத்தா என்ன நெனப்பாரு?"

"எப்படி அரைக்கணும்?" என்று கேட்டது சுடலை.

"நைஸா. ரெண்டு தரம் விடு."

வரிசையில் நின்ற முள்ளம்பன்றி மாவைக் கிள்ளிப் பார்த்து, "பவுடர் கெட்டுது போங்க" என்றது. நான் ஓரடி வளர்ந்தேன்.

ஞாயிறு வந்தது. வேலை என்னவோ சுலபம்தான். தானியத்தை அறுபத்தேழு டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற விட வேண்டும். பம்பு அடியிலுள்ள நீரை மேலே ஏற்றித் தானியத்தின் மேல் ஊற்றிக்கொண்டே இருக்கும். இனிப்பெல்லாம் நீரில் இறங்கிவிடும். கூடையைத் தூக்கினால் சக்கை மேலே, இனிப்பு நீர் கீழே. அதைக் கொதிக்க வைத்து, ஆற்றி, ஈஸ்ட் போட்டு மூடினால் இரண்டு வாரத்தில் பியர்.

என் மாவு வெந்நீரைப் பார்த்ததும் களியாகிவிட்டது. மேலே விழுந்த நீர் இறங்க வழியில்லாமல் குளம் கட்டியது. அடியில் நீரில்லாத பம்பு உறுமியது. கூடை ஓட்டை வழியாகக் கசிந்த மாவு ஹீட்டரில் ஒட்டிக் கருக ஆரம்பித்தது. செயலி, "பிழை நான்கு" என்றது. உதவி மையத்துக்குப் போன் போட்டேன். ஒரு கிளி எடுத்தது.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. வரிசையில் நீங்கள் பதினேழாவது மிருகம்."

அரை மணி நேரம் கழித்து அதே கிளி கேட்டது. "தானியத்தை உடைத்தீர்களா, அரைத்தீர்களா?"

"அரைச்சேன்."

"எப்படி அரைத்தீர்கள்?"

"நைஸா."

கிளி எதையோ தட்டச்சு செய்தது. பிறகு, "எங்கள் சேவைக்கு ஐந்தில் எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று கேட்டது.

அதற்குள் ஆவுடையப்பனும் இசக்கியும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். என் ஜம்பத்துக்காக மகளின் கல்யாணத்தை அடிப்பிடிக்க விட்டுவிட்டேனே என்று நிஜமாகவே அழுகை வந்தது. வேறு வழி தெரியாமல் கூடையைத் தூக்கிக் காட்டினேன். கல் மாதிரி கனத்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடியும் குனிந்தார்.

இசக்கி மூக்கை உறிஞ்சினான். "அப்பா, நம்ம வீட்டு வாடை மாதிரியே இருக்கு."

"சும்மா இருல!" என்று அதட்டினார் ஆவுடையப்பன். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார். "எத்தனை தரம் அரைச்சீங்க?"

"ரெண்டு."

"நான் மூணு." அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "நாலு மாசமா மெஷின் பரண்ல கிடக்கு. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

நான் அவரைக் கட்டிக்கொண்டேன். அவரும் கட்டிக்கொண்டார். இருவரும் கூடையிலிருந்த களியை ஆளுக்கொரு கை அள்ளித் தின்றோம். இனிப்பாக, கருகலாக, நன்றாகவே இருந்தது. சம்பந்தி விரலை நக்கியபடி யோசித்துவிட்டு முடிவாகச் சொன்னார். "தப்பு எங்க நடந்துச்சுன்னு இப்பதான் தெரியுது. இன்னும் நைஸா அரைச்சிருக்கணும்."

மில்லில் வடிவு வாசித்தது எனக்கு ஞாபகம் வந்தது. அவளைத் திரும்பிப் பார்த்தேன். கையில் புத்தகத்தோடு வாயைத் திறந்தாள். இசக்கியைப் பார்த்தாள். வாயை மூடினாள். புத்தகத்தைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"அதேதான் சம்பந்தி!" என்றேன் நான்.

சித்திரையில் கல்யாணம் நன்றாக நடந்தது. விருந்தாளிகள் எல்லோரும் இலுப்பை மரத்தடியில் பாடிக்கொண்டிருந்தார்கள். சம்பந்திகள் நாங்கள் இருவர் மட்டும் அங்கே இல்லை. சுடலையின் மில்லில், ஐந்தாம் தரம் அரைக்க வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்.

நீதி: ஒரே தப்பைச் செய்த இரண்டு அப்பன்மார் கிடைத்துவிட்டால் ஜாதகம் பார்க்க வேண்டாம், விளக்கப் புத்தகத்தின் மேல் மட்டும் யாராவது உட்கார்ந்துகொள்ளவும்.