ரோமி எழுந்தான், நான் விழுந்தேன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாய்களுக்கு இடுப்புவலி பார்க்கும் நர்ஸ் நான். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது முதலில் வந்தது ஒரு நாய்தான்.

ஒத்தடம் கொடுப்பது, கால்களை நீட்டி மடக்குவது, மூஞ்சியைப் பார்த்தே வலிக்கு மார்க் போடுவது, மெல்ல நடக்க வைப்பது, இதெல்லாம் என் வேலை. (என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், "நாய்க்குக் கால் அமுக்கி வுடுற பொண்ணா?" என்று கேட்டுவிட்டு, பஜ்ஜியை மட்டும் தின்றுவிட்டுப் போனது.)

தனியாகப் போன முதல் கேஸ், குருசுக்குப்பம் தெரேஸ் டீச்சர் வளர்க்கும் ரோமி. முப்பத்தெட்டு கிலோ லாப்ரடார். முதுகில் ஆபரேஷன் ஆகி ஒரு மாதமாகியும் எழுந்திருக்கவில்லை. "வலி போயிடுச்சு, பயந்தான் போவல" என்றார் எங்கள் டாக்டர். டீச்சர் மனசு விட்டுப்போயிருந்தார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம் செல்வி. அப்பவும் எழுந்துக்கலன்னா ஊசி போட்டு ஒரேயடியா தூங்க வெச்சுடலாம். இப்படிப் படுத்தே கெடக்கறத என்னால பாக்க முடியலம்மா."

படுத்தபடியே ரோமி என்னைப் பார்த்து வாலாட்டினான். அந்த வாலாட்டலுக்கா ஊசி?

வெள்ளிக்கிழமையும் வந்தது. ரோமியின் வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்தேன். "தூக்கும்போது முட்டிய மடக்கணும் டீச்சர், இடுப்ப வளைக்கவே கூடாது" என்று பெரிய மேதாவி மாதிரி சொல்லிக்கொண்டே, இடுப்பை வளைத்துத் தூக்கினேன்.

'கடக்' என்றது. ஐயோ, ரோமியின் எலும்பு என்று பதறினேன். இல்லை, என்னுடையது. துண்டை விட்டுவிட்டு, கூடத்தின் நடுவில் மல்லாந்தேன். ரோமி மிரண்டுபோய் ஊர்ந்து சுவரோரம் ஒண்டினான்.

"அம்மாடி! செத்தேன்!"

அந்தக் கூச்சலில் ரோமியின் காது நிமிர்ந்தது. முன்னங்காலை ஊன்றினான். பின்னங்கால்கள் வெடவெடவென்று நடுங்கின. ஆனாலும் எழுந்துவிட்டான்! ஓரடி, ரெண்டடி, ஆறடி நடந்து வந்து, என் கண்ணீரை நக்கிவிட்டு, முப்பத்தெட்டு கிலோவையும் என் வயிற்றின் மேல் சாய்த்தான்.

"மோன் தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுக் கதறியபடி டீச்சர் ஓடிவந்தார். எனக்காக அழுகிறார் என்று நினைத்து உருகினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் ரோமியைக் கட்டிக்கொண்டார்.

"நடந்துட்டான் செல்வி!"

"பாத்தேன் டீச்சர். இப்ப அவன கொஞ்சம் எறங்கச் சொல்லுங்க."

ரோமிக்கு வைத்திருந்த ஒத்தடப் பை என் இடுப்புக்கு வந்தது. ஊசி என்ற பேச்சு அந்த வீட்டில் அப்புறம் எழவே இல்லை.

இன்றைக்கும் எந்த நாயாவது எழுந்திருக்க மறுத்தால், எங்கள் டாக்டர் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்:

"செல்வி, கொஞ்சம் வந்து படும்மா!"