டன்கார்வி கோட்டையில் ஒரு பிறந்தநாள்

“என் தொப்பியக் காணோம்” என்றார் பின் சீட்டிலிருந்த பெரியவர்.

வேனை ஓட்டிக்கொண்டிருந்த சுற்றுலா வழிகாட்டி டூகல் பிரேக்கை மிதித்தான். விடுதியை விட்டு பத்து மைல் வந்தாயிற்று. டன்கார்வி கோட்டை கரையை ஒட்டிய பாறை ஒன்றின் மேல் நிற்கிறது. கடல் உள்வாங்கியிருக்கும்போது மட்டும் கற்பாதை வழியே அதற்கு நடந்து போகலாம். இன்றைக்குப் பாதை மூழ்க இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது. நாளைக் காலையில் இவர்களுக்குக் கப்பல்.

“சீட்டுக்கு அடியில பாருங்க ஐயா.”

“பாத்துட்டேன்பா. ரூம்லயே வச்சுட்டேன் போல.”

“வண்டியத் திருப்புங்க” என்றார் பெரியவரின் மகன் ரஸ்ஸல். “தொப்பி இல்லாம அப்பாவ போட்டோ எடுக்க முடியாது. எண்பத்தஞ்சாவது பொறந்தநாளுக்கு, அவர் பொறந்த கோட்டையிலயே அவர நிறுத்தி எடுக்கப் போறேன். இதுக்காகத்தான் இந்த டூரே!”

ரஸ்ஸலுக்குக் கனடாவில் குளியல் தொட்டி வியாபாரம். அவருடைய விசிட்டிங் கார்டில் டன்கார்வி கோட்டையின் கோபுரம் பொன்னிறத்தில் மின்னும். எடின்பரோவில் இறங்கியவுடன் ஒரு கில்ட் வாங்கிக் கட்டிக்கொண்டுவிட்டார். மலைநாட்டுக் காற்றில் அந்தக் கட்டம்போட்ட பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நான்கு நாட்களாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா லாக்லன் மொரிசன் இதே தீவில் பிறந்து, இருபது வயதில் கனடாவுக்குக் கப்பலேறியவர். அதிகம் பேசமாட்டார். ஆனால் பேசாமலேயே ஒரு மனிதர் எவ்வளவு தாமதம் செய்ய முடியும் என்பதை டூகல் இந்த நான்கு நாட்களில்தான் தெரிந்துகொண்டான். முதல் கோட்டையில் படிக்கட்டில் உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் நாள், ‘வயிறு சரியில்ல’ என்று சொல்லி ஒரு கப்பலையே தவறவிட்டார். நேற்று, மேய்ப்பன் ஒருவனின் நாயோடு பேச உட்கார்ந்தார்; நாயே சலித்துப்போய் எழுந்து போய்விட்டது.

வண்டியைத் திருப்பும்போதே போன் அடித்தது. இஷ்பெல் அக்கா. இந்தச் சுற்றுலாக் கம்பெனியின் முதலாளி அவள்தான்.

“எங்கடா இருக்க?”

“கோட்டைக்குப் போற வழியிலதான்க்கா.” வண்டி எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது.

“போன மாசம் புதுசாக் கல்யாணம் ஆனவங்கள வேற தீவுல எறக்கிவிட்டுட்டு வந்தியே, அது மாதிரி ஏதாவது பண்ணின, தொலைஞ்ச! இன்னொரு புகார் வந்துச்சுன்னா வேன் சாவியக் குடுத்துட்டு, பழையபடி மீன் வெட்டப் போயிடு.”

மீன் தொழிற்சாலையில் ஆறு வருஷம் சால்மன் வெட்டியவன் டூகல். கையிலிருந்து அந்த வாடை போகவே இரண்டு வருஷம் ஆனது. திரும்பவும் அங்கே போவதைவிடக் கடலில் குதிக்கலாம், ஆனால் அங்கேயும் சால்மன்தான் இருக்கும்.

விடுதியில் அறையைத் தலைகீழாகப் புரட்டினார்கள். மெத்தையைத் தூக்கிப் பார்த்தார்கள். கடைசியில் தொப்பி பெரியவரின் கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது.

“அட, இங்கயா இருக்கு!” என்றார் பெரியவர்.

டூகல் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

வந்த வழியே போனால் நேரமாகும் என்று ஏரிக்கரைக் குறுக்குவழியில் வண்டியை விட்டான். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய ரோடு. எதிரில் வண்டி வந்தால், யாராவது ஒருவர் பின்னால் போய் அகலமான இடத்தில் ஒதுங்க வேண்டும். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரே கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு எதிரில் தேவாலயத்துக்கு வந்துகொண்டிருந்தது.

பதினோரு கார்கள். அரை மைல் பின்னால் போய் ஒதுங்கினான். கடந்துபோன ஒவ்வொருவரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி மரியாதையாக வணக்கம் சொன்னார்கள். கூடவே, ஓய்வுநாளில் வண்டி ஓட்டிப் பிழைக்கிறாயே பாவி என்று ஒரு பார்வையும் பார்த்தார்கள். பதினோராவது காரில் அவனுடைய பள்ளிக்கூட டீச்சர் இருந்தார். அவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

இனி நடந்து போக வாய்ப்பில்லை. படகுதான் கதி. வண்டியை நிறுத்தி இறங்கி, படகுக்கார மர்டோவுக்குப் போன் போட்டான்.

“மர்டோ அண்ணே, டன்கார்விக்கு ஒரு நட படகு வேணும்.”

“இன்னிக்கு என்ன கெழம?”

“ஞாயித்துக்கெழம.”

“தெரிஞ்சேதான் கேக்குறியா? நீ தெரியாமக் கேக்குறன்னுல்ல நான் நெனச்சேன்! டூகல், உங்கம்மா உனக்காக எவ்வளவு ஜெபம் பண்ணிருப்பாங்க?”

“அண்ணே, அவசரம்ணே...”

“கண்ண மூடு. உனக்காக நான் ஜெபிக்கிறேன்.”

ஜெபத்தின் நடுவில் போனை வைப்பதற்கு டூகலுக்குத் துணிச்சல் வரவில்லை. அந்தத் தீவில் வளர்ந்த யாருக்கும் வராது. மர்டோ பன்னிரண்டு நிமிஷம் ஜெபித்தார். டூகலின் தாத்தா குடித்த விஸ்கிக்குக்கூட மன்னிப்புக் கேட்டார். ஆமென் சொல்லிவிட்டு டூகல் கண்ணைத் திறந்தபோது எதிரில் கடலும் இல்லை, மலையும் இல்லை. வெள்ளை வெளேரென்று மூடுபனி இறங்கியிருந்தது.

“என்ன, போலாமா?” என்றார் ரஸ்ஸல்.

“இதோ, வந்தாச்சு சார்.”

ஆமை வேகத்தில் வண்டியை உருட்டினான். கடற்கரையை ஒட்டி எங்கோ போகிறோம் என்பது மட்டும் தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்துப் பெரியவர் கண்ணாடியைத் தட்டினார்.

“அங்க ஒரு கல்லுச் சுவர் தெரியுது பாரு.”

டூகலுக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்த வயதில் இவருக்கு இப்படி ஒரு கண்ணா என்று வியந்துகொண்டே இறங்கிப் பத்தடி நடந்தான். சுவர் இருந்தது. சாந்து பூசாமல் அடுக்கிய கருங்கல், ஆறடி கனம். யாரோ ஒருவருடைய மாட்டுத் தொழுவம். வீட்டுக்காரர்கள் தேவாலயத்தில் இருப்பார்கள். டூகலின் மண்டையில் சாத்தான் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“சார்! கோட்டை!” என்று கத்தினான்.

“கற்பாதை?” என்றார் ரஸ்ஸல்.

“நீங்க நிக்கிறதே அதுலதான். பாத்து, வழுக்கும்.”

ரஸ்ஸல் முழங்கால் சேற்றில் பயபக்தியோடு நடந்தார். “கோபுரம் எங்க?”

“மேல, பனிக்குள்ள இருக்கு சார்.”

கதவு திறக்கவில்லை. டூகல் தோளால் இடித்தான், ரஸ்ஸலும் இடித்தார். பெரியவருக்குப் பொறுமை போய்விட்டது போலும். இருவரையும் விலக்கிவிட்டு, கதவின் இடது அடிமூலையில் காலால் ஓர் உதை விட்டார். கதவு திறந்துகொண்டது.

“எங்கப்பாவுக்குக் கோவம் வந்தா அவ்வளவுதான்” என்றார் ரஸ்ஸல் பெருமையாக. அடுத்த நொடி அவர் நெற்றி உத்தரத்தில் மோதியது. பின்னால் வந்த டூகலின் நெற்றியும் மோதியது. பெரியவருக்குக் கூன் விழுந்த உடம்பு, குனிந்தபடி போய்விட்டார்.

உள்ளே கும்மிருட்டு. சாணி வாடை ஆளைத் தூக்கியது.

“என்ன நாத்தம் இது?”

“பழமை சார். முந்நூறு வருஷத்துப் பழமை.”

“கூரை தகரமா இருக்கே?”

“மழைக்குப் பாதுகாப்பா இப்பப் போட்டது.”

“இந்த வாய்க்கால்?”

“உள் அகழி சார். வெளி அகழியத் தாண்டி வர்ற எதிரிக்கு இது.”

இருட்டில் ஏதோ ஒன்று பெருமூச்சு விட்டது. முகம் முழுக்க முடி தொங்க, ஒரு மலைநாட்டு மாடு அசைபோட்டுக்கொண்டே அவர்களைப் பார்த்தது.

“கோட்டைக்குள்ள மாடா?”

“சுற்றுலாப் பயணிகளுக்காகக் கட்டி வச்சிருக்காங்க சார். அந்தக் காலத்துச் சூழல் வேணும்ல?” டூகல் மாட்டிடமிருந்து ரஸ்ஸலின் கவனத்தைத் திருப்ப, வாய்க்காலை ஒட்டிய மூலையைக் காட்டினான். “இந்த எடம்தான் சார் முக்கியம். ராணியம்மா கட்டில் இங்கதான் கெடந்துச்சு. இந்தக் கோட்டையில பொறந்த அத்தன பேரும் இந்த மூலையிலதான் பொறந்தாங்க.”

ரஸ்ஸல் கில்ட்டை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். “அப்பா, கேட்டீங்களா? இங்கதான்!”

பெரியவர் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். கண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ரஸ்ஸல் அழுதுகொண்டே போட்டோ எடுத்தார்.

வாழ்க்கையில் டூகல் எத்தனையோ புளுகியிருக்கிறான். ஆனால் எண்பத்தைந்து வயது மனிதரை யாரோ ஒருவருடைய மாட்டுக்கு முன்னால் நிறுத்தி அழவைத்ததில்லை. மீன் வெட்டுகிறவன்கூட இதைவிட யோக்கியமான தொழில்தான் செய்கிறான் என்று அவனுக்குத் தோன்றியது.

வெளியே வந்ததும் ரஸ்ஸல் துள்ளாத குறை. “உங்க கம்பெனிக்கு நானே லெட்டர் எழுதறேன். இந்த மாதிரி ஒரு கைடு உலகத்துலயே கெடையாது! இருங்க, என் பொண்டாட்டிக்குச் சொல்லிட்டு வந்துடறேன்.” சிக்னல் தேடிக்கொண்டு, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி பனிக்குள் மறைந்தார்.

வேன் வாசலில் பெரியவரைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்ட டூகலுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

“ஐயா, என்ன மன்னிச்சிடுங்க. அது கோட்டையில்ல. வெறும் மாட்டுத் தொழுவம். கோட்டைக்குப் போற பாதை எப்பவோ தண்ணிக்குள்ள போயிடுச்சு. உங்க மகன் கிட்ட நானே சொல்லிடறேன். வேல போனாப் போகட்டும்.”

பெரியவர் தொப்பியை நிதானமாகத் தலையில் வைத்துச் சரிசெய்தார். பனிக்குள் மகனின் குரல் எவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்று காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு டூகலின் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்தார்.

“அவன்கிட்ட ஒண்ணும் சொல்லித் தொலைக்காதப்பா, அறுபது வருஷமா இந்தக் கோட்டக் கதையக் காப்பாத்திட்டு வர்றேன். ஆனா ஒண்ணு, நீ ராணியம்மா கட்டில்னு காட்டினியே, அந்த மூலையில எங்க செவலப் பசு நிக்கும். எங்கம்மா என்னப் பெத்தது எதுத்த மூலையில.”