முதல் கேசட்டுக்காரர்

எந்த இசைக்குழு புது ஆல்பம் வெளியிட்டாலும், அதன் முதல் பாட்டு அரை நிமிடத்தைத் தாண்டுவதற்குள் "பழசு மாதிரி வராது" என்று தீர்ப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுகிற ஒரு மனித இனம் இருக்கிறது. ஆண்களே அதிகம். ஐம்பதைத் தாண்டியவர்கள். முன்னால் வழுக்கை ஏறியிருக்கும். பின்னால் மட்டும் கொஞ்சம் முடியை விடாப்பிடியாக வளர்த்திருப்பார்கள். இவர்களுக்கு முதல் கேசட்டுக்காரர் என்று பேர் வைத்திருக்கிறேன். உங்களுக்கும் ஒருவரைத் தெரியும். இல்லை என்று சொல்லாதீர்கள்.

வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ் நான். நின்றுகொண்டு வீறாப்பு பேசுகிற மனிதரை எடைபோடுவது கஷ்டம். படுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும். இந்த வருஷம் அப்படிப் படுத்தவர் திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்து நாகேஸ்வரன். வயது ஐம்பத்தொன்பது, இடது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை. நான் போன முதல் நாளே, செருப்பைக் கழற்றுவதற்குள், டின் லைட்ஹவுஸ் என்ற உள்ளூர்க் குழு தொண்ணூற்று நாலில் போட்ட முதல் கேசட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"வெறும் ஹார்ட் ராக் இல்லை சிஸ்டர், மெலடிக் ஹார்ட் ராக்காக்கும். இடி இடிக்கணும், அதுக்குள்ளே தாலாட்டும் கேக்கணும்."

"சரி சார். காலை அசையுங்க."

"வலிக்கறது."

அறுவை முடிந்தவர்கள் மணிக்குப் பத்துத் தடவை பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் கெண்டைக்காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும். அது நுரையீரலுக்கு ஏறினால் பிறகு பழைய பாட்டும் இல்லை, புதுப் பாட்டும் இல்லை. இதைப் பிசியோதெரபிஸ்ட் சொன்னார், நான் சொன்னேன், மகள் ஆதிரா அழுதுகொண்டே சொன்னாள். பாதம் அசையவில்லை.

அந்தக் கேசட் அலமாரியில் பட்டு வேட்டிக்குக் கீழே துணி சுற்றி இருக்கிறது. "கடைசியா எப்ப கேட்டிய?" என்றேன்.

"டேப் ரிக்கார்டர்ல பெல்ட் அறுந்துபோச்சு. ரெண்டாயிரத்து ஆறா இருக்கும்."

"பின்ன எதை வச்சு ஒத்துப் பாக்குதிய?"

"அது உள்ளே ஓடிண்டே இருக்கும் சிஸ்டர்."

உள்ளே ஓடுவதை யார் சரிபார்க்க முடியும்? இந்த இனத்தின் பலமே அதுதான்.

இரண்டு முதல் கேசட்டுக்காரர்கள் ஒரே அறையில் இருந்தால் இன்னும் விசேஷம். வியாழக்கிழமைகளில் அவருடைய பழைய நண்பர் ராஜையன் வருவார். ஆரியசாலையில் மொத்த மிளகாய்வற்றல் வியாபாரம். நாலு ஆரஞ்சுப் பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி உட்காருவார்.

"லைட்ஹவுஸோட புது ஆல்பம் கேட்டியா நாகு?"

"ம்ஹும். டிரம்ஸ்ல அந்த ஒரு இது இல்லை."

"இல்லவே இல்ல. கிட்டாருக்கும் ஒரு இது வேண்டாமா?"

அந்த 'இது' எது என்று கடைசி வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. விசாரித்ததில், ராஜையன் புது ஆல்பத்தைக் கேட்டது மருமகன் காரில், ஏசி இரைச்சலோடு, கிழக்கேகோட்டையிலிருந்து ஆரியசாலை வரை. நடந்தாலே பத்து நிமிடம்தான். நாகேஸ்வரன் அதுகூடக் கேட்கவில்லை. கேட்காமலே இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார். எத்தனை நேரம் மிச்சம் பாருங்கள்!

ஆனால் அந்த ஆல்பத்தை அவர் கேட்டே ஆகவேண்டிய நிலைமை ஒன்று இருந்தது. நாலாவது பாட்டில் இரண்டாம் குரல் ஆதிராவுடையது. குழுவின் கிட்டார்காரர் ராகேஷ் எங்கோ அவள் பாடியதைக் கேட்டுக் கூப்பிட்டிருக்கிறார். ஆல்பம் இணையத்தில் ஏற்கெனவே வந்துவிட்டது; ஞாயிற்றுக்கிழமை அதற்கு மேடை விழா. மேடைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். டெக்னோபார்க் ஐ.டி. கம்பெனியில் பதினைந்து பேரை மேய்க்கிற பெண், அப்பா ஒரு வார்த்தை நல்லா இருக்கு என்று சொல்லாமல் மேடை ஏறமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

"கேளேன்பா. நாலே நிமிஷம்."

"கேக்கறேன்டி. மனசு ஒரு நிலைக்கு வரட்டும்."

மனசு மூன்று வாரமாக நிலைக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே ஸ்பீக்கரைத் தலைமாட்டில் வைத்துப் போட்டுவிட்டேன். படுக்கையில் இருப்பவர் எழுந்து ஓட முடியாது; இந்தத் தொழிலில் அது ஒரு வசதி. அவர் கண்ணை மூடி, நீதிபதி மாதிரி ஒரு கையைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆதிரா வாசற்படியில் நின்றாள். நான் கால்மாட்டில் உட்கார்ந்து சார்ட்டை எடுத்தேன்.

பாட்டு முடிந்தது. கை இறங்கியது.

"நன்னாத்தான் முயற்சி பண்ணியிருக்கா. ஆனா முதல் கேசட் மாதிரி வராது, கேட்டோ."

ஆதிரா போனை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை தான் வரவில்லை என்று ராகேஷிடம் சொல்வதற்குத்தான்.

"கொஞ்சம் நில்லு மோளே. முதல்ல இதை வாசி" என்று சார்ட்டை நீட்டினேன். காய்ச்சல், ரத்த அழுத்தம், மாத்திரை எல்லாவற்றுக்கும் கீழே எழுதியிருந்தேன். அவள் சத்தமாகவே வாசித்தாள்.

"மாலை ஐந்து இருபது. நாலாவது பாட்டு. இடது பாதம் தானாக மேலும் கீழும் அறுபத்திரண்டு தடவை. பெண் குரல் வந்த இடத்தில் வலது பாதமும் சேர்ந்துகொண்டது. வலி என்று சொல்லவில்லை."

"அது நரம்பாக்கும்!" என்றார் நாகேஸ்வரன். "ஆபரேஷனுக்கு அப்பறம் அப்படித்தான் துடிக்கும்."

"தாளம் தப்பாம துடிக்குமோ சார்? மூணு வாரமா நான் கெஞ்சினப்ப இந்த நரம்பு எங்க போச்சு?"

ஆதிரா முதலில் உதட்டைக் கடித்தாள். பிறகு சிரித்தாள். அந்தத் தாளைப் படம் பிடித்துக்கொண்டு, ராகேஷிடம் வருகிறேன் என்று சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பாடினாள். வாய் சொல்லாத வார்த்தையைக் கால் சொல்லிவிட்டது; அவளுக்கு அது போதும்.

அவர் திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? வியாழக்கிழமை ராஜையன் ஆரஞ்சோடு வந்தார். குழு அடுத்த ஆல்பத்துக்கு வேலையை ஆரம்பித்துவிட்டதாம் என்றார். நாகேஸ்வரன் தலையணையில் சாய்ந்து, கண்ணை மூடி, கையைத் தூக்கினார்.

"என்ன பண்ணினாலும் சரி, நம்ம ஆதிரா பாடின ஆல்பம் மாதிரி வராது."

"அந்த ஒரு இது வராது" என்றார் ராஜையன்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு, இந்த மாதிரிக் கட்டுரையெல்லாம் முன்பு இன்னும் நன்றாக எழுதினார்கள் என்று ஒருவர் இந்த நிமிடம் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. கொஞ்சம் குனிந்து உங்கள் பாதத்தை மட்டும் பாருங்கள். மரத்துப்போயிருந்தால் பத்துத் தடவை ஆட்டுங்கள்.