சனிக்கிழமைக்கு வந்த மேடம்

சனிக்கிழமை பல்லேகலையில் கிரிக்கெட் பார்த்தே தீருவது என்று சபதம் எடுத்தேன். அன்றைக்குத்தான் அம்பிட்டியவில் மச்சினன் புதுவீட்டுப் பால் காய்ச்சுதல். வெள்ளிக்கிழமை காலையே என் மனைவி துஷ்யந்தியிடம் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன்.

"நாளைக்கு ஒஃபிஸ் இருக்கு. புதுசா வந்த யாழ்ப்பாணத்து மேடம் வரச் சொல்லிட்டாங்க."

"தம்பி வீட்டு விசேஷம்ங்க!"

"சொன்னேன். அவங்க மசியல."

"பாவம் நீங்க" என்றாள். அவ்வளவு சுலபமாக விட்டபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

துஷ்யந்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் மூன்று வருடம் வகுப்புக்குப் போய்ச் சிங்களம் பாஸ் பண்ணியவன். கண்டி மார்க்கெட்டில் நான் சிங்களத்தில் விலை கேட்டால் கடைக்காரர் இங்கிலீஷில் பதில் சொல்வார். எந்த வகுப்புக்கும் போகாத இவள் வாயைத் திறந்தால் அதே கடைக்காரர் "நங்கி" என்று தங்கச்சி முறை கொண்டாடி ஒரு பிடி கறிவேப்பிலையும் சேர்த்துக் கொடுப்பார். மஹய்யாவவில் எங்கள் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா கைரியாவிடம், "உம்மாக்கு இப்ப சொகமா ராத்தா?" மேல்மாடி யாழ்ப்பாணத்து டீச்சரிடம், "ஓம், வாறன்." எப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"அவங்க பேசுறத நான் கேப்பேன். நீங்க, அவங்க எப்ப முடிப்பாங்கன்னு பாப்பீங்க."

சரியாகத்தான் சொன்னாள். அசந்துபோனேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸுக்கு நிற்கும்போது தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு.

"சுந்தரலிங்கமோ? நான் உங்கட மேடம் கதைக்கிறன். நாளைக்கு எட்டு மணிக்கு ஒஃபிஸுக்கு வரோணும்."

திங்கட்கிழமை வந்ததிலிருந்து அறையை விட்டே வெளியே வராத மேடம். என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. சொன்ன பொய் இப்படியா பலிக்க வேண்டும்?

"மேடம், நாளைக்கு மச்சினன் வீட்டுல பால் காய்ச்சுறாங்க. நான் போகாட்டி வைஃப் தாங்க மாட்டா!"

"உண்மையாப் போறியளோ? இல்லாட்டி மட்ச் பாக்கவோ?"

"சீச்சீ! மட்சா? சத்தியமா போறேன் மேடம்!"

"மனுசியோடதானே?"

"அவ கூடவேதான் மேடம்! பால் பொங்கி, சாப்பாடு முடியிற வரைக்கும் இருப்பேன்!"

"ஓம், நல்லது."

பெருமூச்சு விட்டேன். மறுமுனையில் குரல் மட்டும் யாழ்ப்பாணத்திலிருந்து மஹய்யாவவுக்குத் திரும்பியது.

"அப்போ காலையில ஆறு மணிக்கே கெளம்பிருவோங்க. ஒங்க சட்டப் பையில இருந்த டிக்கெட்ட கைரியா ராத்தா மகனுக்குக் குடுத்துட்டேன். அவங்க ஃபோன்தானே இது."