பெட்டிமேல் ஒரு பெங்காலிச் சொல்

மூன்றாவது பெட்டியும் கலகலத்தது. உள்ளே கண்ணாடிக் கோப்பைகள். இப்போது கண்ணாடித் தூள்.

மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகக் கிடங்கில் பதினைந்து வருடம் மூட்டை தூக்கிய கமலநாதன், சூப்பர்வைசராகி ஒரு வாரம்தான்.

"இன்னும் ஒரு பெட்டி உடஞ்சா, நாளைக்கு நீ மறுபடி மூட்டைக்குத்தான்," என்று சொல்லிவிட்டுப் போனார் மேனேஜர்.

போட்டு உடைப்பவன் ஹைதர். அதே வாரம் வேலைக்கு வந்தவன். ஏஜென்ட் எப்போதும் பங்களாதேஷ் ஆட்களைத்தான் அனுப்புவான்.

கமலநாதன் மாடி ஆபீசுக்கு ஓடினார்.

"உஷாராணி, பெட்டியில 'ஃப்ரஜைல்'னு போட்டிருக்கு. பெங்காலில அதுக்கு என்னா?"

கிளார்க் உஷாராணி ஃபோனைத் தட்டினாள். "பொங்குர். சட்டுனு உடையறதுனு அர்த்தம்."

"அவங்க எழுத்துலயே அடிச்சுக் குடு லா."

பெட்டிக்கு ஒரு தாள் ஒட்டினார். ஹைதர் தாளைத் தடவிப் பார்த்தான். "பாகூஸ், பாஸ்!" என்று மலாயில் மெச்சிக் கட்டைவிரலை உயர்த்தினான். பிறகு பெட்டியைத் தலைகீழாக வைத்தான்.

கமலநாதன் மறுபடி மாடிக்கு ஓடினார்.

"படிக்கத் தெரியாத ஆளா இருக்கும்ணே. வாயால சொல்லுங்க," என்றாள் உஷாராணி.

கமலநாதன் கீழே வந்தார். தினமும் காலையில் கேட்பதையே முதலில் கேட்டார். பெங்காலியில் நலம் விசாரிக்க முதல் நாளே மனப்பாடம் செய்தது.

"கெமோன் ஆச்சோ?"

"பாலோ ஆச்சி, பாஸ்!" இந்தப் பதில் மட்டும் பளிச்சென்று வரும்.

"பொங்குர்! பொங்குர்!" என்று காதருகே கத்தினார். திடுக்கிட்ட ஹைதர் பிடியை விட்டான். பெட்டி கமலநாதனின் கால் கட்டைவிரலில் இறங்கியது. கோப்பைகள் தப்பின. நகம் தப்பவில்லை.

இனி நடித்துத்தான் காட்ட வேண்டும். நொண்டிக்கொண்டே போய்த் தன் தேநீர்க் கோப்பையை எடுத்து வந்தார். பெட்டியைக் காட்டினார். கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் போட்டு உடைத்தார்.

"பொங்குர்!"

ஹைதரின் முகம் தெளிந்தது. பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கினான்.

கமலநாதன் பாய்ந்து மல்லாக்க விழுந்தார். பெட்டி அவர் தொப்பையில் வந்து உட்கார்ந்தது. ஒரு கோப்பைகூட உடையவில்லை.

"அடப்பாவி! கண்ணாடிடா! உடஞ்சா என் வேல போயிரும்டா!"

ஹைதர் அப்படியே நின்றான். பிறகு குனிந்து, பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் பெட்டியை எடுத்து அடுக்கில் வைத்தான்.

"நீங்க தமிழாண்ணே? நான் தொண்டிக்காரன். பாஸ் பெங்காலியாச்சேனு நானும் ஒரு வாரமா உக்காந்து பெங்காலி படிக்கிறேன், இந்தப் 'பொங்குர்' இன்னும் பாடத்துல வரலண்ணே!"